சாராயக் குத்தகையும் இலங்கைச் சமூகமும்

இலங்கையின் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுந்தோர் கறுவா, கோப்பி, தேயிலை, இறப்பர் என்னும் பொருள்களைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். தென்னம் பாளையிலிருந்து இறங்கும் கள்ளையும் அதனை வடித்துப் பெறும் சாராயத்தையும் பற்றி எழுதியோர் அவர்களை நோக்க மிகச் சிலரே. கூறத்தகாத பொருளென அறிஞர் இதனை ஒதுக்கினர் போலும். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இத்தீவின் அரசாங்கம் தன் செலவுக்கு வேண்டிய பணத்தில் ஒரு பெரும் பகுதியைச் சாராயத்தினாலேயே ஈட்டியது. சுதேசிகளுள் முதன்முதலாகப் பெருஞ்செல்வம் படைத்த வகுப்பார் பலர் சாராயத்தினாலேயே எழுந்தனர். அந்நிய ஆட்சியை எதிர்த்து ஊர்தோறும் மக்கள் திரண்ட முதற் கிளர்ச்சிகளுள் ஒன்றும் சாராயத்தை முன்னிட்டே எழுந்தது. இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்த வரலாறு.

மதுவருந்தும் வழக்கம் இந்நாட்டிற்கு அந்நியர் கொணர்ந்ததன்று. பனையும் தென்னையும் கித்துளும் உள்ள நாட்டிற் கள் இல்லாதிருத்தல் அரிது. பண்டைத் தமிழ்ச் சான்றோர் செய்யுட்களில் நறவும் தேறலும் பேசப்படுகின்றன. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தமை அக்காலத்திற் கள்ளுண்போர் பலராயிருந்தமைக்குச் சான்றாகும். பௌத்தரின் ஐந்து சீலங்களுள் இறுதியானது மதுவை விலக்குவதே. எனினும் விலக்கிய சமயம் வேரூன்றிய இடத்திற் குடி ஓர் எல்லைக்குள் அடங்கிக் கிடந்ததென்பதற்குச் சான்றுண்டு. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து மீண்ட இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன், 1681இல் வெளியிட்ட தன் நூலிற் சிங்கள மக்கள் குடிவெறியை மிக வெறுப்பவர் என்றும், அதற்கு ஆட்பட்டோர் அவர்களிடையே பலரல்லர் என்றும் எழுதியுள்ளான். ஏறத்தாழ இருபதாண்டு அம்மக்களோடு வாழ்ந்து அவர்தம் குறைகளையும் ஒளியாது கூறிய ஒருவன் கூற்றாதலின் இதனை எளிதிற் புறக்கணித்தல் இயலாது.

தென்னங்கள் இறக்கும் தொழில் மேற்குக் கரையோரத்திலே, சிறப்பாகப் பாணந்துறை, களுத்துறைப் பகுதிகளிலே, தனியொரு கலையாக வளர்ந்தது. விரியாத பாளையை நாரினாற் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டி, நுனியைச் சீவி, முட்டியைக் கட்டுவர். ஒவ்வொரு மரத்திலும் ஏறியிறங்கினாற் காலமும் வலியும் வீணாகுமாதலால், மரத்திற்கு மரம் மேலொன்றும் கீழொன்றுமாகத் தும்புக் கயிறுகளைப் பிணைத்து, கீழ்க்கயிற்றில் நடந்து மேற்கயிற்றைப் பற்றித் தோப்பு முழுவதையும் வானத்திலேயே சுற்றி வருவர். காலையில் இறக்கிய கள் சில நாழிகையிற் றானே புளித்துவிடும். நுரைமம் சேர்க்க வேண்டுவதில்லை. காற்றும் முட்டியுமே அதனைச் செய்யும். (ஆப்பத்துக்கு மாப்புளிக்கக் கள் வாங்கிய யாழ்ப்பாணத்து இல்லங்கள் இந்த இயல்பை நன்கறிந்தவை.) புளித்த கள்ளை நெடுநேரம் வைத்தாற் காடியாகிவிடும் என்பதால் அன்றன்றே செப்புக் கலத்திலிட்டுக் காய்ச்சி, ஆவியைக் குளிரச் செய்து, முதல்வடியை மீண்டும் ஒருமுறை வடித்துச் சாராயமாக்குவர். அதனை ஹல்மில்லை எனச் சிங்களர் வழங்கும் சாவண்டலை மரத்தாற் செய்த பெரும்பீப்பாய்களில் ஆண்டுக்கணக்காக முதிர வைப்பர். ஐரோப்பியர் இப்பானத்தை அழைக்கும் ‘அரக்’ என்னும் பெயர், வியர்வையைக் குறிக்கும் அரபுச் சொல்லினின்று வந்தது. வடிகலத்தின் குழாய்முனையிற் றுளிதுளியாகச் சொட்டுவதைக் கண்டோர் இட்ட பெயர்.

கள் உடனே கெடுவது, சாராயம் கெடாதது. இச்சிறு வேறுபாட்டிலேயே பின்வந்த வரலாறு அனைத்தும் அடங்கியுள்ளது. கெடும் பொருள் ஊரோடு நிற்கும். கெடாத பொருள் கப்பலேறும், வண்டியேறும், மலையேறும், வரிக்கும் உட்படும். 1658இற் போர்த்துக்கீசரை அகற்றிக் கரையோரத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனியார் இதனை உணர்ந்தனர். அவர்கள் காலத்தில் மேற்குக் கரையிலே தென்னைச் செய்கை விரிந்தது. கம்பனியின் மாலுமிகளுக்கும் படைவீரருக்கும் சாராயம் வேண்டியிருந்தது. சில்லறையாக விற்கும் உரிமையைக் கம்பனியார் தாமே நடத்தாது, ஏலத்திற் குத்தகைக்கு விட்டனர். குத்தகைக்காரனிடம் பணத்தை வாங்கிக்கொண்டு மற்றைத் தொல்லைகளை அவன் தலையிற் சுமத்திவிடும் இம்முறை, சிறு உத்தியோகத்தர் தொகையுடன் பெருநிலத்தை ஆண்ட வணிகருக்கு மிக இசைந்ததாயிருந்தது.

1796இல் ஒல்லாந்தரை வென்ற ஆங்கிலேயர் முதலிற் சென்னைக் கம்பனியின் ஆட்சிமுறையையே இங்குப் புகுத்தினர். தென்னிந்தியாவிலிருந்து வந்த அமில்தார்கள் வரி தண்டினர். அவர்கள் விதித்த வரிகளுள் மக்களை மிக வெகுளச் செய்தது தென்னைமர வரி. 1797இற் கரையோரத்திற் கலகம் மூண்டது. வரியும் அமில்தார் முறையும் கைவிடப்பட்டன. 1798இல் முதற்றேசாதிபதியாக பிரெடறிக் நோத் வந்தார். தென்னை மரத்துக்கு வரிவிதித்தாற் கலகம் எழும், தென்னையின் சாற்றைக் குடிப்பவனிடம் வாங்கினால் எவனும் முறையிடான் என்னும் பாடத்தை ஆங்கில ஆட்சியாளர் அந்நாளிலேயே கற்றுக்கொண்டனர் என்று கருத இடமுண்டு. ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சாராயக் குத்தகை எவ்விதக் குழப்பமுமின்றித் தொடர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சாராயம் இலங்கையின் முதன்மையான ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்று. ‘லீகர்’ என்னும் 150 கலன் கணக்கில் அது சென்னைக்கும் கோறமண்டற் கரைக்கும் சென்றது. இத்தீவிலிருந்த படைவீரருக்கும் நாள்தோறும் அளந்து கொடுக்கப்பட்டது. இங்குப் பணியாற்றிய இராணுவ வைத்தியர் ஹென்றி மார்ஷல், நோயாலும் காய்ச்சலாலும் மடியும் வீரருக்கு அரசாங்கமே மதுவை ஊட்டுதல் தகாதெனக் கண்டித்தெழுதினார். தென்னையைப் பற்றித் தனிநூலொன்று எழுதியவரும் அவரே; தென்னையின் பயன்களைப் போற்றிய கையாலேயே அதன் சாராயத்தின் தீங்கையும் எழுதினார். பிற்காலத்தில் ஏற்றுமதி குன்றியது. ஆயினும் வடிப்போர் வருந்த வேண்டியிருக்கவில்லை. வேறொரு சந்தை உள்நாட்டிலேயே திறந்தது.

1815இற் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. 1818இற் பெருங்கிளர்ச்சி அடக்கப்பட்டபின் தெருக்கள் வெட்டப்பட்டன. 1830ஆம் ஆண்டுகள் தொட்டுக் காடுகள் அழிக்கப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. தென்னிந்தியத் தொழிலாளர் ஆயிரமாயிரமாக வந்தனர். தெரு செல்லுமிடமெல்லாம் தவறணையும் சென்றது. நொக்ஸ் கண்ட நாட்டிற் கித்துட்கள் அருந்துவோர் இருந்திருப்பர். ஆனால் வழிப்போக்கனையும் கூலிக்காரனையும் வாவென்று அழைக்கும் கடை இருக்கவில்லை. மதுவிலக்காளர் பிற்காலத்தில் மேடைகளில் ‘ஆங்கிலேயன் எமக்குக் குடியைக் கற்பித்தான்’ என முழங்கியது வரலாற்று நோக்கில் மிகைக்கூற்றே. ஆங்கிலேயர் கண்டிநாட்டுக்குப் புதிதாகக் கொடுத்தது தவறணை. அதன் பின்னால் நின்ற குத்தகை முறையைச் சற்று நுணுகிப் பார்த்தாலன்றி அதன் வலிமை விளங்காது.

ஒரு மாவட்டத்திலோ கோறளையிலோ சாராயத்தைச் சில்லறையாக விற்கும் தனியுரிமையை அரசாங்கம் குறித்த காலத்துக்கு ஏலத்தில் விற்கும். கூடிய தொகை கேட்டவன் பிணை வைத்து, தவணை முறையிற் பணத்தைக் கட்டுவான். வடிசாலைக்காரரிடம் சாராயத்தை வாங்கி, அனுமதிச் சீட்டுடன் வண்டியிலும் தோணியிலும் ஏற்றித் தவறணைகளுக்கு அனுப்புவான். அல்லது தன் உரிமையைப் பகுதி பகுதியாகக் கீழ்க்குத்தகைக்கு விடுவான். 1844ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் வடித்தல், விற்றல் பற்றிய விதிகளைத் தொகுத்து வகுத்தது. ஏட்டில் நோக்கினால் யாவும் ஒழுங்காகவே தோன்றும். ஆனால் கணக்கைப் பார்த்தல் வேண்டும். குத்தகைத் தொகை முன்னரே முடிவானது. விற்பனை குறைந்தாலும் கூடினாலும் அரசாங்கத்துக்குச் செல்வது மாறாது. ஆதலின் தொகையை மீட்டபின் விற்கும் ஒவ்வொரு கலனிலும் சாராயத்தின் அடக்கவிலை போக எஞ்சியது முழுவதும் குத்தகைக்காரனுக்கு இலாபம். குடியைப் பெருக்குதலே அவன் தொழிலின் உயிர்நாடியாயிற்று. இரவிற் கதவைத் திறத்தல், கடனுக்கு ஊற்றுதல், அடகு பிடித்தல், நீர் கலத்தல், அளவிற் குறைத்தல், சீட்டில்லாச் சாராயத்தைச் சீட்டுள்ளதோடு கலந்து விற்றல் என்னும் குற்றச்சாட்டுகள் அக்காலத்தில் ஓயாதெழுந்தமைக்குக் காரணம் குத்தகைக்காரரின் தனிப்பட்ட தீக்குணமன்று. அம்முறையே அவற்றைத் தூண்டியது. அடுத்த ஏலத்தில் தொகை உயருமாயின் அரசாங்கமும் மகிழும். குடியைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்ட ஆட்சியும் குடியைப் பெருக்கிய வணிகனும் ஒரே வண்டியிற் பூட்டிய இரு காளைகள்.

அரசாங்கம் பெற்ற வருமானம் சிறிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் மொத்த வருமானத்திற் பத்திலொரு பங்கையும் அதற்கு மேற்பட்டதையும் சாராயக் குத்தகை தந்தது. 1869இற் றோன்றிய இலைநோயினாற் கோப்பிச் செய்கை படிப்படியாக அழிந்தபோதும் தவறணை வருமானம் கைகொடுத்தது. 1892இல் நெல்வரி நீக்கப்பட்டபின் சாராய வருமானத்தை இழக்கத் துணியும் தேசாதிபதி எவருமிலர்.

குத்தகைக்காரர் யாவர்? தொடக்கத்திற் பல இனத்தாரும் பல வகுப்பாரும் ஏலத்திற் கலந்துகொண்டனர். நாளடைவில் மொறட்டுவை, பாணந்துறைப் பகுதிகளிலிருந்து வந்த கராவ வகுப்பினர் பலர் முன்னணிக்கு வந்தனர். தச்சுத்தொழில், வண்டி, தோணி, கடல்வாணிகம் என்பவற்றிற் பழகிய அவர்களுக்கு வடிசாலையும் அண்மையிலிருந்தது. கூட்டுச் சேர்ந்து ஏலங்கேட்டு விலையை அடக்கும் திறனும் இருந்தது. நிலத்தையும் பதவியையும் பரம்பரையாகக் கைக்கொண்டிருந்த முதலிமாருக்குப் புறம்பே, பணத்தினால் எழுந்த புதியதொரு மேன்மக்கட் கூட்டம் இங்ஙனம் உருவாயிற்று. மொறட்டுவை ஜெரோனிஸ் டி சொய்சா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சாராயக் குத்தகையிலும் வாணிகத்திலும் ஈட்டிய பொருளைக் கொண்டு அவர் 1837இல் ஹங்குரன்கெத்தையிலே கண்டியரசரின் பழைய தோட்டத்தை வாங்கிக் கோப்பி பயிரிட்டார். 1853இல் முதலியார்ப் பட்டமும் பெற்றார். அவர் மைந்தர் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா 1870இல் எடின்பரோக் கோமகனுக்குக் கொழும்பிலே தம் இல்லத்தில் அளித்த விருந்து நெடுங்காலம் பேசப்பட்டது. அவரே 1876இல் மொறட்டுவையிற் கல்லூரிகளை நிறுவினார். 1879இற் கொழும்பில் திறக்கப்பட்ட மகப்பேற்று மருத்துவமனையும் அவர் பெயர் தாங்கியது. ஒருபுறம் தவறணைச் சிட்டியிற் கூலிக்காரன் வைத்த சதம், மறுபுறம் மருத்துவமனையின் சுவர். இதனைக் கொண்டு அக்குடும்பத்தாரின் கொடையைக் குறைத்து மதித்தல் முறையன்று. அக்காலத்திற் சுதேசிக்குப் பெருமுதல் சேர்க்கத் திறந்திருந்த வாயில்கள் மிகச் சில என்பதை மறத்தலும் முறையன்று. ஏற்றுமதி, வங்கி, கப்பல் என்பன யாவும் ஐரோப்பியர் கையிலிருந்தன. காரீயச் சுரங்கமும் சாராயக் குத்தகையுமே எஞ்சியவை.

இச்செல்வம் கோப்பியிலும் தென்னந் தோட்டங்களிலும் கொழும்பு வளவுகளிலும் இடப்பட்டது. குத்தகைக்காரரின் மக்கள் ஆங்கிலங் கற்றனர். சிலர் இங்கிலாந்து சென்று நியாயவாதிகளாயும் வைத்தியராயும் மீண்டனர். கல்வியும் செல்வமும் பெற்ற இத்தலைமுறை ஆட்சியிற் பங்கு கேட்டது. பங்கு கேட்பதற்கு அவர்கள் கைக்கொண்ட முதற் கருவிகளுள் ஒன்று, தந்தையர் செல்வமீட்டிய பொருளையே எதிர்ப்பதாயிற்று. இதனை நகைப்புக்கிடமான முரண்பாடென்று சிலர் கூறுவர். தொன் ஸ்பேட்டர் சேனநாயக்க காரீயத்திலும் சாராயக் குத்தகையிலும் பொருளீட்டியவர். அவருடைய புதல்வர் மூவரும் மதுவிலக்கியக்கத்தின் தூண்கள். முரண்பாடே எனினும் போலியென்று தள்ளிவிடுதல் எளிதன்று. தவறணையின் உட்புறத்தை அறிந்த குடும்பத்தாருக்கே அதன் தீங்கும் நெருங்கித் தெரிந்திருக்கும்.

மதுவிலக்குக் கருத்து அதற்கு முன்னரே சமய மறுமலர்ச்சியோடு தோன்றியிருந்தது. கிறித்தவ மிசனரிமார் சங்கங்கள் அமைத்தனர். யாழ்ப்பாணத்தில் நாவலர் அவர்கள் தம் நான்காம் பாலபாடத்திற் கொலை, புலாலுண்ணல் என்பவற்றோடு கள்ளுண்ணலையும் தனித் தலைப்பிட்டுக் கண்டித்துச் சைவச் சிறார் மனத்திற் பதித்தார். தெற்கிற் பௌத்த மறுமலர்ச்சியாளர் ஐந்தாஞ் சீலத்தை முன்னிறுத்தினர். சமயத்தின் பெயரால் மதுவை விலக்குக என்று கூறுவதற்கு ஆங்கில அரசாங்கம் எப்படித் தடைகூறும்? இவ்வியக்கத்தின் அரசியல் வலிமை இவ்வினாவிலேயே உள்ளது. 1904இல் ஹப்பிட்டிகம கோறளையில் எழுந்த மதுவிலக்குக் கிளர்ச்சி மேல்மாகாணத்திலும் சபரகமுவையிலும் காட்டுத்தீப்போற் பரவியது. ஊர்மக்கள் கூடிக் குடிப்பதில்லையெனச் சத்தியஞ் செய்தனர், தவறணைகள் வெறிச்சோடின. குத்தகை வருமானம் சரியக் கண்ட அரசாங்கம் தலைமைக்காரர் இச்சங்கங்களிற் சேர்தலைத் தடுக்க முயன்றது. நல்லொழுக்கத்தைத் தடுக்கும் அரசு என்னும் பழியை அது தானே தேடிக்கொண்டது. சில மாதங்களில் அக்கிளர்ச்சி தணிந்தது. ஆயினும் கூட்டங் கூட்டல், சங்கங்களை இணைத்தல், துண்டுப் பிரசுரம் அச்சிடல் என்னும் வித்தைகளை நாட்டுப்புறம் கற்றுக்கொண்டது.

1912இல் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. குத்தகை முறையின் கேடுகளை அரசாங்கம் உணராமலில்லை. பழைய முறையிற் கள் விற்பனையும் சாராயக் குத்தகைக்காரனின் கையிலேயே இருந்தது. சாராயத்தில் இலாபம் கூடுதலாதலின் அவன் கள்ளை ஊக்கவில்லை. கள்ளையும் சாராயத்தையும் பிரித்து, வலிகுறைந்த கள்ளைத் தனிக்கடைகளில் விற்பித்தால் கள்ளக் கடைகளும் ஒழியும், சாராயமும் குறையும் என அதிகாரிகள் எண்ணினர். 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச்சட்டம் பிறந்தது. மதுவரித் திணைக்களமும் அதன் வழியே எழுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கள்ளுத் தவறணைகள் திறக்கப்படவிருந்தன. அதிகாரியின் மேசையில் இது சீர்திருத்தம். ஊரவன் கண்ணிலோ, நேற்றுவரை கடையில்லாத சந்தியில் இன்று ஒரு கடை. மேசைக்கும் சந்திக்கும் இடைப்பட்ட தூரத்தை அன்றைய தேசாதிபதி சேர் ஹென்றி மக்கலம் அறியவில்லை. விகாரைகளிலும் பாடசாலைகளிலும் கூட்டங்கள் நிறைந்தன. டி. பீ. ஜயதிலக்க, டபிள்யூ. ஏ. டி சில்வா, ஆதர் வீ. டயஸ், எவ். ஆர். சேனநாயக்க, அவர் தம்பி டி. எஸ். சேனநாயக்க முதலியோர் ஊரூராகச் சென்று பேசினர். அநகாரிக தர்மபாலரின் எழுத்தும் கனல் மூட்டியது. வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்த காலத்தில், சட்டநிரூபணசபையின் படியை மிதிக்காத பெருந்தொகையான உழவரும் சிறு வணிகரும் அரசாங்கத்தின் செயலொன்றைத் தீர்ப்பிட இவ்வியக்கம் வழிசெய்தது.

1915இன் கலவரம் இதன் அடுத்த கட்டம். சிங்களருக்கும் முசுலிம்களுக்கும் இடையே எழுந்த பூசலை அரசாங்கம் தனக்கெதிரான சதியெனக் கொண்டது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மதுவிலக்கியக்கத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். சேனநாயக்க சகோதரர் மூவரும் அவர்களுள் அடங்குவர். மதுவிலக்குச் சங்கங்கள் யாவும் அரசியற் சதிக்கு மறைப்பென்னும் ஐயம் அதிகாரிகள் உள்ளத்தில் முன்னமே குடிகொண்டிருந்தது; அவ்வையத்துக்கு இப்போது சிறைக்கதவு கிடைத்தது. இவ்விடத்திலே சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பணி குறிப்பிடத்தக்கது. கற்ற இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்டநிரூபணசபையிலிருந்த அவர், சிறையிலிருந்தோருக்காகச் சபையில் வாதாடியதோடு, போர்க்காலத்திற் கடற்பயணத்தின் இடரையும் பொருட்படுத்தாது இங்கிலாந்து சென்று முறையிட்டார். 1916இல் இராணுவச் சட்டக் கொடுமைகளை விளக்கும் நூலையும் வெளியிட்டார். அவர் மீண்டபோது கொழும்பிற் சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். முசுலிம் மக்கள் பட்ட இழப்பை அவர் போதிய அளவு எடையிட்டாரல்லர் என்னும் குறையும் அன்றே கூறப்பட்டது. அதனையும் வரலாறு எழுதுவோர் மறைத்தலாகாது. 1919இல் அவர் தம்பி சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் தலைமையில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் எழுந்தபோது அதன் தொண்டரிற் பலர் மதுவிலக்கு மேடைகளிற் பேசிப் பழகியோரே.

யாழ்ப்பாணத்திலே கதை வேறு வடிவங் கொண்டது. இங்குத் தென்னஞ் சாராயத்தின் இடத்திற் பனங்கள் நின்றது. குத்தகைப் பிரபுக்களும் எழவில்லை. 1920ஆம் ஆண்டுகளில் ஊரவரின் வாக்கெடுப்பினால் தவறணையை மூடும் முறை நடைமுறைக்கு வந்தபோது குடாநாட்டிற் பல பகுதிகளில் தவறணைகள் மூடப்பட்டன. 1927 நவம்பரில் மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்று வந்த காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்போடு மதுவிலக்கையும் வற்புறுத்திப் பேசினார். கற்றோரும் சமயத்தலைவரும் ஆசிரியரும் ஒன்றுபட்டு நின்ற இவ்வெற்றி பெருமைக்குரியதே. ஆயினும் அவ்வெற்றியின் விலையைக் கொடுத்தவர் யார் என்னும் வினாவை அக்காலத்து மேடைகள் பெரிதும் எழுப்பவில்லை. ஏறுபட்டையும் தளைநாரும் பாளைக்கத்தியும் கொண்டு விடியுமுன் பனையேறிய குடும்பங்களுக்கு வேறு நிலமோ தொழிலோ இல்லை. முட்டியிற் சுண்ணாம்பு பூசினாற் கருப்பநீர், பூசாவிடிற் கள். இவ்விரண்டுக்கும் இடையிலிருந்த சுண்ணாம்புப் பூச்சே ஒருவனைச் சட்டத்துக்கு உட்பட்டவனாகவோ குற்றவாளியாகவோ ஆக்கியது. குடித்தவன் வீட்டிலிருந்தான், வழக்கு மன்றத்தில் நின்றவன் ஏறியவன். மரத்துக்கு வரி கட்டிக் கள் பெறும் மரவரி முறையும் ஒருகால் இங்கு வழங்கியது. 1797இற் கலகமூட்டிய மரவரி வேறுருவில் மீண்டது விந்தையே. 1970ஆம் ஆண்டுகளிற் கள்ளிறக்குந் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தபின்னரே இத்தொழிலாளர் தம் பொருளுக்குத் தாமே விலைபேசும் நிலையை எய்தினர். 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. வடமராட்சியில் திக்கம் வடிசாலை பனஞ் சாராயத்துக்குப் பெயர் பெற்றது.

பியரைப் பற்றிச் சிறிது கூறினாற் போதும். 1849இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவின் குளிர்நீரை நம்பி அங்கு ஒரு வடிசாலை தொடங்கினார். நைல் நதியின் தோற்றுவாயை ஆராய்ந்து பின்னர்ப் புகழ்பெற்றவர் இவரே. 1881 தொட்டு அம்மலைநகரிற் பியர் வடிக்கும் தொழில் நிலைபெற்றுப் பிற்காலத்திற் பியகமவுக்குப் பெயர்ந்தது. பார்லியும் ஹொப்புப் பூவும் கடல்கடந்து வரவேண்டியிருந்தமையால் நெடுங்காலம் இது தோட்டத்துரைமாரின் பானமாகவே இருந்தது. திராட்சை மதுவோ இந்நாட்டில் வேரூன்றவில்லை. யாழ்ப்பாணத்துக் கொடிமுந்திரிகை உண்ணுதற்கே பயிராயிற்று.

சுதந்திரத்தின்பின் அரசாங்கம் மதுவை விட்டகன்றதா எனின், இல்லை. 1948இற் பிரதமரானவர் 1915இல் மதுவிலக்குத் தலைவராகச் சிறையிருந்த டி. எஸ். சேனநாயக்க, எனினும் மதுவரித் திணைக்களம் தொடர்ந்தது. 1974இல் அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டுச் சாராயம் வடித்தலும் விற்றலும் அரசின் நேரடித் தொழிலாயிற்று. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் குத்தகைக்காரன் தலையிற் சுமத்திய தொல்லையைச் சுதந்திர அரசு தானே சுமந்தது எனலாம். 1989இல் அது பகிரங்கக் கம்பனியாக்கப்பட்டு, 1992இற் றனியார் கைக்கு மாறியது. வரி மட்டும் திறைசேரிக்கே செல்கின்றது. கசிப்பு என வழங்கும் கள்ள வடிப்பை ஒழிக்கச் சாராயவிலையைக் குறைக்க வேண்டுமென்போரும், குடியைக் குறைக்க விலையை உயர்த்த வேண்டுமென்போரும் இன்றும் வாதிடுகின்றனர். 1912இன் கட்டளைச்சட்டம் பல திருத்தங்களுடன் இன்னும் நடைமுறையில் உள்ளது.

களுத்துறைக் கரையோரத்திற் கயிற்றில் நடப்போர் தொகை தலைமுறைதோறும் குறைந்து வருகின்றது. தந்தையின் கயிற்றில் மைந்தன் கால்வைக்க விரும்புவதில்லை. விழுந்தவனுக்கு எஞ்சும் வாழ்வை அவன் கண்டிருக்கிறான். சாராயமென விற்கப்படுவதிற் பெரும்பகுதி இக்காலத்திற் கருப்பஞ்சாற்றுப் பாகினின்றும் வேறு மூலங்களினின்றும் பெற்ற மதுசாரம் கலந்தது. தென்னம் பாளையிலிருந்து மட்டும் வடித்ததைத் தனிப்பெயரிட்டு, கூடிய விலைக்கு விற்கின்றனர்.